பூனை பின்னால் நகரும்

ஜூன் 9

அண்ணா,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வண்டியில் ஏறும்போது, "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், உன்கூடப் பேசவும் மாட்டேன்" என்று சொன்னாய். எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிடைத்த அந்த இடுக்கில் நுழைந்துதான் இதை எழுதுகிறேன். குடியை நிறுத்த வருகிறவர்களுக்கு அந்த மறுவாழ்வு இல்லத்தில் போன் தர மாட்டார்களாம். கடிதம் எழுதலாம், ஆனால் கண்காணிப்பாளர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பாராம். அவருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மேஸ்திரிக்காக எழுதுகிறேன்.

நீ போனதிலிருந்து அது வாசல் கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. தட்டில் வைத்ததை மோந்து பார்ப்பதோடு சரி. சாயங்காலம் நீ சட்டை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பும் நேரம் வந்தால் மட்டும் எழுந்து நிற்கும். கதவைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். வாயைத் திறக்கும், சத்தம் வராது. உன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி போய்ப் பழகிய பூனைக்கு வீட்டுக்குள் இருப்பது எப்படி என்றே தெரியவில்லை.

போன வாரம் அம்மா குப்பை கொட்டக் கதவைத் திறந்தபோது வெளியே ஓடிவிட்டது. எதிர்க் கட்டடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் இரண்டு பெரிய நாய்கள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து ஏணி போட்டு இறக்கினோம். இடது காது கிழிந்திருந்தது. கால்நடை மருத்துவர் என் வயதுதான் இருப்பார். பெயர் கேட்டார். சொன்னேன். "மேஸ்திரியா?" என்றார். "ஒரு வேலையும் செய்யாது. உயரத்தில் உட்கார்ந்து எல்லார் வேலையையும் மேற்பார்வை பார்க்கும். அண்ணன் வைத்த பெயர்" என்று சொல்லிவிட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் காதுக்கு மருந்து போட்டுக்கொண்டே, "இனிமே இவரைத் தனியா வெளியே விடாதீங்க. பெல்ட் மாட்டி, கயிறு புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கடையில் ஒரு பெல்ட் வாங்கினேன். கழுத்துக்கு ஒரு பட்டை, முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு பட்டை, இரண்டையும் முதுகில் ஒரு வார் இணைக்கிறது. மாட்டியதும் எலும்பையெல்லாம் உருவி எடுத்த மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. "ஐயோ, செத்துப்போச்சுடி!" என்று அம்மா கத்தினாள். சாகவில்லை. கண்ணைத் திறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீ தினமும் பெல்ட் மாட்டிக்கொண்டு அடுக்குமாடிகளின் உச்சியிலிருந்து தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவன். இதை நான் வேறு யாரிடம் கேட்பேன்?

உன் தங்கை


ஜூன் 17

ஊமச்சிக்கு,

இத முதல்ல படிக்கப்போற கண்காணிப்பாளர் ஐயாவுக்கு வணக்கம். சாப்பாட்டுல உப்பே இல்ல. நேர்ல சொன்னா காதுல வாங்கமாட்டேங்கறீங்க, அதான் எழுதறேன்.

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. எட்டாவதோட பேனாவ மூடி வெச்சவன். பேசற மாதிரிதான் வரும்.

நீ ஒண்ணும் எழுத வேணாம். எங்க யாருக்கும் புரியாத இங்கிலீஷ் ஃபாரத்த நீ ஒருத்தி உக்காந்து படிச்சு, கீழ கையெழுத்துப் போட்டே பாரு, அதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினேனா? நம்ம வீட்லயே முதல் பட்டதாரின்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அந்தப் பட்டத்துல முதல்ல பண்ணின காரியம் இதுதானா? ரெண்டு தடியனுங்க என்னைய அள்ளிட்டுப் போறப்ப கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தே. உன் கால் விரல் மட்டும் வெளிய தெரிஞ்சுது. அதத்தான் தினமும் நினைச்சுக்கறேன்.

இப்ப பூனையையும் கட்டியாச்சு. வீட்ல இருந்த ஆம்பளைங்க ரெண்டு பேரையும் கட்டிப்போட்டாச்சு. நிம்மதியா இரு.

அண்ணன்

அந்தக் கடை பெல்ட்ட தூக்கிப் போடு. பொம்மைக்குப் போடறது அது. முக்கியமா கழுத்துல ஒண்ணும் கட்டாத. எங்க தொழில்ல கழுத்துப் பக்கம் ஒரு நூல்கூட வரக்கூடாது. விழுந்தா முதல்ல கழுத்துதான் போகும். என் பழைய பெல்ட் கட்டிலுக்கு அடியில பெட்டியில கிடக்கு. தொடைப் பட்டையில ஒண்ண வெட்டு, அதுதான் மெத்துனு இருக்கும். நெஞ்சச் சுத்தி ஒண்ணு, வயித்தச் சுத்தி ஒண்ணு, கொக்கி முதுகு நடுவுல. தைக்கறப்ப ரெட்டைத் தையல். மாட்டின பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், மூணாவது போகக்கூடாது. கடைசியா கொக்கியப் புடிச்சு நேரா மேல தூக்கிப் பாரு. நழுவாம தொங்கிச்சுன்னா பெல்ட் சரி.

சாய்ஞ்சு படுத்தா படுக்கட்டும். நானும் முதல் தடவை பெல்ட் போட்ட அன்னிக்கு மொட்டைமாடியில அப்படித்தான் உக்காந்துட்டேன்.


ஜூன் 23

அண்ணா,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தப் பதில்.

பெட்டியைத் திறந்ததும் உன் சோப்புத் தண்ணீர் வாசனை அறை முழுக்க வந்துவிட்டது. அம்மா தொடைப் பட்டையின் தையலைப் பிரித்தாள். நூலைப் பல்லால் கடிக்கிற மாதிரி பட்டையை முகத்துக்கு நேரே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அவள் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்து, மீதி இருக்கிற கண்ணோடு இதைத் தைத்தாள். ரெட்டைத் தையல்தான். நீ சொன்ன மாதிரியே கழுத்துக்கு ஒன்றும் வைக்கவில்லை. கொக்கியைப் பிடித்துத் தூக்கினேன். மேஸ்திரி நான்கு காலும் தொங்க, அசையாமல், கட்டட வேலையில் குறை கண்டுபிடித்தவர் மாதிரி என்னை முறைத்தது. நழுவவில்லை.

நேற்று முதல் தடவையாக வெளியே கூட்டிப்போனேன்.

நான் பேருந்தில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறவள். உனக்குத் தெரியும். தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பாட்டில்களோடு வேலை என்பதால்தான் பிழைத்திருக்கிறேன், பாட்டில்கள் கேள்வி கேட்பதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு பூனையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். பூனையோ படியை விட்டு இறங்கியதும் உட்கார்ந்துவிட்டது. எழுந்து பத்தடி போகும், மறுபடி உட்காரும். மூலைக் கடைக்காரர், "என்னம்மா, நீ அதைக் கூட்டிக்கிட்டுப் போறியா, அது உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகுதா?" என்றார். ஒரு சின்னப் பெண், "அக்கா, இது குரைக்குமா?" என்று கேட்டது. மாடியிலிருந்து யாரோ, "கண்ணாடிக்காரரோட பூனைடி, பாவம், ஆளைத் தேடுது" என்றார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. மேஸ்திரி யாரையும் கண்டுகொள்ளவில்லை.

கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உன் ஜோடிக்காரர், பக்கத்துக் கயிற்றில் தொங்குகிறவர், ஒருநாள் எங்கள் ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தார். ஈரச் செருப்போடு உள்ளே வரத் தயங்கி வெளியிலேயே நின்றார். "தங்கச்சி, அவன் கயிறு ஏறும்போதே வாசனை வருது. நாளைக்கு அவன் விழுந்தா என்னால புடிக்க முடியாது. நான் விழுந்தா அவன் புடிக்க மாட்டான்" என்றார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றது உண்மை. முன்னால் வந்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

உன் தங்கை


ஜூலை 1

ஊமச்சிக்கு,

அவன் வந்தானா. துரோகி. என் சாப்பாட்டு டப்பாவுல பாதி தின்னவன். அவன் சொன்னது சரிதான்னு மட்டும் நான் எழுத மாட்டேன்.

எழுத்து கோணலா இருக்குன்னு பேனா மேல பழி போடாத. கைதான். காலையில கொஞ்சம் ஆடும், சாயங்காலம் ரொம்ப ஆடும். டம்ளர ரெண்டு கையால புடிச்சுக் குடிக்கறேன். பாலிஷ் போட்ட கண்ணாடி மேல சறுக்காம நின்ன கை இது.

என் அறையில இன்னொருத்தர் இருக்காரு, பஸ் கண்டக்டரா இருந்தவரு. தூக்கத்துல "முன்னாடி போ, உள்ள இடம் இருக்கு"ன்னு விரட்டறாரு. நானும் ரெண்டு தடவை எழுந்து நகர்ந்து படுத்துட்டேன்.

தினமும் எங்கள வட்டமா உக்கார வெப்பாங்க. ஒவ்வொருத்தனும் எங்க குடிச்சேன், யாரோட குடிச்சேன், யாருகிட்ட மறைச்சேன்னு சொல்லணும். என் முறை வந்தா நான் சொல்றது ஒண்ணுதான். சனிக்கிழமை, வேலை முடிஞ்சு, வேலையாளுங்களோட. அவ்வளவுதான். வீட்டுப் பக்கம் ஒரு சொட்டு கிடையாது. நம்பமாட்டேங்கறாங்க. சாயங்காலம் எங்க போவேன்னு கேக்கறாங்க. பூனையோட காத்து வாங்கப் போவேன், வேணும்னா தெருவுல போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம் வாயத் திறக்கறதில்ல. இங்க எனக்கும் ஊமைன்னுதான் பேரு. நம்ம வீட்டுப் பேரு கெட்டுப்போகல.

மேல தொங்கறப்ப எங்களுக்குக் கயிறு ரெண்டு. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு உயிருக்கு. உயிர்க் கயித்தப் புடிக்கிறவன் கயித்தப் பாக்கக் கூடாது, ஆளப் பாக்கணும். நீயும் கயித்தையே பாத்துட்டு நடக்காத, அது எங்க பாக்குதுன்னு பாரு. காதுக்கு மருந்து போடறியா? அது என்ன பண்ணுச்சுன்னு எழுது. மத்ததெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்.

இன்னொண்ணு. கையெழுத்துப் போட்டவங்களே வந்து எழுதிக் குடுத்தா வெளிய விட்ருவாங்களாம். கண்டக்டர் சொன்னாரு. யோசிச்சுப் பாரு.

அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

மேஸ்திரி என்ன செய்தது என்று கேட்டிருந்தாய். இப்போது கயிற்றை எடுத்தாலே எழுந்து வந்து முதுகை வளைத்துக் கொடுக்கிறது. பெல்ட் மாட்டும்போது அசைவதில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு வீட்டு வாசலையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கும். மூலைக் கடைக்காரரின் எடைத்தட்டில் ஏறி உட்கார ஒருநாள் முயற்சி செய்தது. "மேஸ்திரி எவ்ளோ எடை இருக்காருன்னு பாத்துருவோமா?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தெருவில் நின்று ஒரு ஆளோடு சேர்ந்து சிரித்தேன், அண்ணா. காதுப் புண் இன்னும் ஆறவில்லை, மருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். விட்டால் உள்ளே சீழ் வைத்துவிடுமாம்.

நீ சொன்னபடி கயிற்றை விட்டுவிட்டு அது எங்கே பார்க்கிறது என்று பார்த்தேன். தெருமுனை வரைக்கும் எங்கெங்கோ பார்க்கிறது. முனைக்குப் போனதும் இடது பக்கம் மட்டும்தான். வயிறு தரையில் படுகிற அளவுக்குத் தாழ்ந்து இழுக்கிறது. அந்தப் பக்கம் குளிர்பதனக் கிடங்கும் அதன் பின்னால் லாரிகள் நிற்கிற இடமும்தானே இருக்கின்றன? ஆண்கள் கும்பலாக நிற்பார்கள். நான் ஒருநாளும் விட்டதில்லை, வலது பக்கம் திருப்புகிறேன். திருப்பினால் உட்கார்ந்துவிடும். தூக்கிக்கொண்டுதான் திரும்பி வருகிறேன். தோளில் தலையை வைத்துக்கொண்டு பின்னாலேயே பார்த்துக்கொண்டு வருகிறது.

அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் போய்க் காத்து வாங்குவானா இருக்கும்" என்றாள். பிறகு, நீ வீட்டில் இருந்தபோது உன்னைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அவள் சொல்வாளே, அதையே சொல்லத் தொடங்கினாள். "பூனையைக் கூட்டிக்கிட்டுப் போறவன் தப்பு பண்ணவாடி போவான்?" ஆனால் இந்தத் தடவை பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

அங்கே என்ன இருக்கிறது, அண்ணா?

எழுதிக் கொடுத்து உன்னை வெளியே கொண்டுவர மாட்டேன். இதை எழுதும்போது என் கையும் கோணலாகத்தான் போகிறது.

உன் தங்கை


ஜூலை 15

ஊமச்சிக்கு,

அங்க ஒண்ணுமில்ல. கிடங்குன்னா எலி இருக்கும், பூனை இழுக்கத்தான் செய்யும். நீ அந்தப் பக்கம் போகாத. வயசுப் பொண்ணு போற இடம் இல்ல அது. வலது பக்கமே திருப்பு.

கையெழுத்து விஷயத்த விட்டுட்டேன். நீ மாட்டேன்னு எழுதினது எனக்கு ரெண்டு நாள் வலிச்சுது. மூணாவது நாள் பாத்தா, நீ யாருகிட்டயும் இதுவரைக்கும் மாட்டேன்னு சொல்லி நான் கேட்டதே இல்லன்னு தோணிச்சு.

போன வாரம் வட்டத்துல பேசினேன். குடியப் பத்தி இல்ல. மேஸ்திரி எடைத்தட்டுல ஏறினதச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கண்காணிப்பாளர் ஐயாகூட மீசைக்குள்ள சிரிச்சாரு, இல்லன்னு சொல்லட்டும் பாப்போம். இப்ப தினமும் "மேஸ்திரி இன்னிக்கு எங்க போனாரு?"ன்னு கேக்கறாங்க. உன் கடிதம் வராத நாள்ல நானே இட்டுக்கட்டிச் சொல்றேன்.

ஒருத்தன் சுவரேறிக் குதிச்சு ஓடிட்டான். லாரியில அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கறானாம். அவன் கூப்பிட்டப்ப நானும் செருப்ப மாட்டிட்டு நின்னேன். உண்மையச் சொல்றேன். அப்புறம், பெல்ட்டே புடிக்காத ஒரு பூனை முதுக வளைச்சுக் குடுக்குது, நமக்கு என்ன கேடுன்னு நினைச்சு செருப்பக் கழட்டிட்டேன். அது இருக்கற வரைக்கும் நானும் இருந்து பாக்கறேன். முடிச்சுட்டே வரேன்.

அண்ணன்


ஜூலை 22

அண்ணா,

இங்கே விடாமல் மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். மழை வந்தால் ஆய்வுக்கூடத்துக்கு வருகிற தண்ணீரெல்லாம் கலங்கலாக இருக்கும், அதனால் வேலை அதிகம். மூலைக் கடைக்காரர் உன்னை விசாரித்தார். வேறு ஒன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூலை 27

ஊமச்சி,

உன் கடிதத்தத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். மழை இருக்கு, முட்டி இருக்கு, கலங்கத் தண்ணி இருக்கு. கடைக்காரன்கூட இருக்கான். மேஸ்திரி எங்க?

நீ வாய்விட்டுப் பொய் சொல்லத் தெரியாதவ. பேசாம இருந்தே பொய் சொல்லுவே. சின்ன வயசுலருந்து பாக்கறேன்.

செத்துப்போச்சா? நாயா? காது சீழ் வெச்சுடுச்சா? எதுவா இருந்தாலும் நேரா எழுது. வட்டத்துல எல்லாரும் கேக்கறாங்க, எனக்கு இட்டுக்கட்ட வரல. ராத்திரி கண்ண மூடினா வெறும் கயிறுதான் தெரியுது.

அடுத்த கடிதத்துல அது பேரு இல்லன்னா நான் இங்க இருக்க மாட்டேன். இந்தச் சுவரெல்லாம் எனக்கு ஒரு உசரமா? மிரட்டறேன்னு நினைச்சுக்காத. எனக்கே என்மேல பயமா இருக்கு, அதான் சொல்றேன்.

அண்ணன்


ஜூலை 31

அண்ணா,

மேஸ்திரி காணாமல் போய்விட்டது. முதலில் இதை எழுதிவிடுகிறேன். செத்துப்போனதாக யாரும் சொல்லவில்லை. சாலையிலும் குப்பைமேட்டிலும் நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

தயவுசெய்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படி. போன கடிதத்தை எழுதியபோது அது போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. எழுதினால் நீ சுவரேறிவிடுவாய் என்று பயந்தேன். எழுதாவிட்டாலும் ஏறுவேன் என்கிறாய். இனி மறைக்க எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். தெருமுனையில் வழக்கம்போல இடது பக்கம் இழுத்தது, நான் வலது பக்கம் திருப்பினேன். உட்கார்ந்துவிட்டது. அப்போது முனையில் திரும்பிய ஒரு லாரி எங்களுக்குப் பக்கத்திலேயே நின்று புஸ்ஸென்று காற்றை விட்டது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் பாயும் என்று நினைத்தேன். பாயவில்லை. என்னைப் பார்த்த முகம் பார்த்தபடியே இருக்க, பின்னால் நகர்ந்தது. நான் என் பக்கம் இழுத்தேன். நான் இழுக்க இழுக்க அது பின்னால் போனது. பட்டை தோளைத் தாண்டியது, கிழிந்த காதைத் தாண்டியது, அவ்வளவுதான். கையில் கயிறு இருந்தது, கயிற்றின் முனையில் பெல்ட் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. கீழே விழுந்த பெல்ட்டை எடுத்தபோது அதன் வயிற்றுச் சூடு பட்டையில் அப்படியே இருந்தது.

கால்நடை மருத்துவரிடம் பெல்ட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "நல்லா தைச்சிருக்காங்க. யானையையே தூக்கலாம். ஆனா கழுத்துப் பட்டை எங்க?" என்றார். அண்ணன் வேண்டாம் என்றான், அவன் கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவன் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஓ, இது விழறவங்களுக்கான பெல்ட். மேல தூக்கினா இறுகும். பூனை எங்க விழுது? பயந்தா அது பின்னாலதான் போகும். கழுத்துல ஒரு பட்டை இருந்தாதான் நிக்கும்" என்றார்.

இதை உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய், உன்னை உயிர் பிழைக்க வைத்ததைச் சொன்னாய். கடை பெல்ட் என் மேசையிலேயேதான் கிடந்தது. கழுத்தில் கட்டினால் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது, அம்மாவுக்கும் தோன்றியது. மூன்று பேரும் அதன்மேல் பிரியம் வைத்துத்தான் அந்த ஒரு பட்டையை விட்டுவிட்டோம். அம்மா பெல்ட்டை உன் சட்டை மாட்டுகிற ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். கதவைச் சாத்தாமல் ஒரு செங்கல் வைத்திருக்கிறாள்.

தினமும் வேலை விட்டு வந்ததும் தேடப் போகிறேன். வாய்விட்டுக் கூப்பிடுகிறேன். எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. பாதி கட்டிய ஒரு வீட்டின் முன்னால் நின்று "மேஸ்திரி, மேஸ்திரி" என்று கத்தியபோது, சாரத்தின் மேலிருந்து ஒருவர், "என்னம்மா, நான்தான் மேஸ்திரி, சொல்லு" என்றார். பூனையின் படத்தைக் காட்டினேன். அவர் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. மணல் குவியல்களுக்குப் பின்னாலெல்லாம் அவர்களே போய்ப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு இடது பக்கம் போனேன். நீ போகாதே என்று எழுதிய பக்கம்.

குளிர்பதனக் கிடங்கின் காவலாளியிடம் படத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. "அட, கண்ணாடிக்காரரோட வர்ற பூனை! அவரு தோள்ல ஏறி உக்காந்துக்குமே!" என்றார். பிறகு, "நீ யாரும்மா?" என்றார். தங்கை என்றேன். மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. "இல்லம்மா, வேற பூனையா இருக்கும்" என்றார். நான் போகவில்லை, அங்கேயே நின்றேன். உனக்குத் தெரியும், எனக்குப் பேச வராது, நிற்க வரும். மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் அவரே குடையோடு வந்தார்.

"வீட்லருந்து யாராச்சும் வந்தா சொல்லிடாதேன்னு கேட்டுக்கிட்டாரும்மா. நல்ல மனுஷன். குடிச்சாலும் ஒரு வார்த்தை தப்பாப் பேசமாட்டாரு. பூனைக்கு முதல்ல ஏதாச்சும் வெச்சுட்டுத்தான் பாட்டிலத் திறப்பாரு."

"அந்த இடத்தை மட்டும் காட்டுங்க. பூனை அங்க இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்சது இந்தச் சுவரோரம் ஒண்ணுதான். நேத்துகூட அங்க பாத்தேன், பூனை இல்ல. ஆள் யாராச்சும் பாத்துட்டா இடத்தை மாத்திக்குவாரு. மத்த இடமெல்லாம் அவருக்கும் அந்தப் பூனைக்கும்தான் தெரியும்."

நான் அழவில்லை. அந்தச் சுவரோரத்தைக் காட்டச் சொன்னேன். சிமெண்ட் மூட்டை ஒன்றை மடித்து உட்கார வசதியாகப் போட்டிருந்தது. பக்கத்தில் நம் வீட்டுத் தட்டு, போன வருஷம் காணோம் என்று அம்மா தேடினாளே, பச்சை விளிம்பு போட்டது. மழைத் தண்ணீர் நிரம்பி நின்றது. அதைக் கொட்டிவிட்டு, கொண்டுபோயிருந்த சோற்றை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் எறும்புதான் தின்றிருந்தது.

அந்தப் பூனை உன் பின்னால் எத்தனை வருஷம் போனது என்று கணக்குப் போட மாட்டேன். அம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை. தட்டை அங்கேயே விட்டுவிட்டேன். பூனையைக் கூட்டிப்போகிறவன் தப்பு பண்ணப் போவானா என்று அவள் கேட்பாளே, அந்த வாக்கியத்தை இனிமேல் பாதிகூடச் சொல்லாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

ஆனால் காது இன்னும் ஆறவில்லை. மருந்து நின்றுபோய்விட்டது. மழையும் நிற்கவில்லை. எங்கேயோ உன் இடம் ஒன்றில் அது உட்கார்ந்து, நீ வருவாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் கிடைத்த திசையெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். கேட்டால் நீ என்ன இழப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தையும் உன் பதிலையும் கண்காணிப்பாளர் படிப்பார். சனிக்கிழமை மட்டும் என்று நீ வட்டத்தில் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று சொன்னாலும் சொல்வார்கள். அப்படியும் கேட்கிறேன்.

சனிக்கிழமை இடங்கள் வேண்டாம், அண்ணா. அங்கெல்லாம் மேஸ்திரி வந்ததில்லை. சாயங்கால இடங்களை எழுது. எந்தச் சுவர், எந்தப் படிக்கட்டு, எந்த லாரிக்கு அடியில். ஒன்றையும் விட்டுவிடாதே. நான் ஒவ்வொரு இடமாகப் போய், நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அதைக் கூப்பிடுகிறேன்.

உன் தங்கை